மழைக்குப் பின் எடுத்த போத்தல்

அண்ணே,

நேற்று என் தங்கை மகள் தன் குழந்தையின் பால் போத்தலைக் கொதிநீரிலிருந்து எடுத்து, வாயின் மேல் அலுமினியத் தாளை வைத்து, கழுத்தைச் சுற்றி விரல்களால் அழுத்தினாள். தாள் நொறுங்குகிற அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன பெரியம்மா, ரொம்ப சூடா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள்.

நம் ஆய்வகத்தில் திங்கட்கிழமை அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கும். கடல் தண்ணீர் எடுக்கப் போகும் போத்தல்களை ஆட்டோகிளேவில், அதாவது அந்தப் பெரிய பிரஷர் குக்கரில், அவித்து எடுத்து, ஒவ்வொன்றின் வாயிலும் தாள் சுற்றி உங்கள் ஐஸ் பெட்டியில் அடுக்குவேன். நீங்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, "தங்கச்சி, பிள்ளைங்களுக்கு தொப்பி போட்டாச்சா?" என்பீர்கள். "போட்டாச்சு. பத்திரமா கூட்டிட்டுப் போய் பத்திரமா கொண்டு வாங்க" என்பேன். இந்தப் பேச்சு வாரம் தவறாமல் நடந்தது. அலுத்துப்போனதாக நினைவில்லை.

நம் தீவுக்குப் பாலம் இன்னும் வராத காலம் அது. ஆபீஸ் வேனோடு பெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் இறங்கி, ஜுருவுக்குப் போய், அங்கே பாக் சேக் என்று எல்லாரும் கூப்பிடும் கிழ மீனவரின் சம்பான் படகில் ஆற்று முகத்துவாரம் வரை போவீர்கள். ஆறு கடலில் சேரும் அந்தச் சேற்றுத் திட்டில்தான் கெராங் சிப்பி விளைந்தது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, பெண்கள் அதை அள்ளிக் கூடை கூடையாய் விற்பார்கள், வீட்டிலும் அவித்துத் தின்பார்கள். அந்தத் தண்ணீர் சுத்தமா என்று வாராவாரம் பார்த்து மாதாமாதம் அறிக்கை கொடுப்பது நம் இருவர் வேலை. தண்ணீர் எடுப்பவர் நீங்கள். கிருமியை எண்ணுபவள் நான். நீங்கள் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவர். நான் டிப்ளோமாக்காரி, யாழ்ப்பாணத்து ரயில்வே கிளார்க்கின் மகள். எனக்குப் படிப்பு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு தலைக்கனமும் இருந்தது.

ஒரே ஒரு முறை உங்களோடு சம்பானில் வந்திருக்கிறேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, வீட்டிலிருந்து கொண்டு வந்த தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினீர்கள். பிஸ்மில்லாஹ் சொன்னீர்கள். மூடியைத் தாளோடு சேர்த்துக் கழற்றி, உள்பக்கம் எங்கும் படாமல் இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, போத்தலைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு இறக்கி, நீரோட்டத்துக்கு எதிராக ஒரு திருப்புத் திருப்பி மேலே எடுத்தீர்கள். பாக் சேக் சுருட்டு பிடிப்பதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை சுத்தமா இருந்தாத்தான் தண்ணி உண்மைய சொல்லும் தங்கச்சி" என்றீர்கள்.

பிறகு இன்னொரு போத்தலைத் திறந்தீர்கள். அதில் ஆய்வகத்திலேயே நான் நிரப்பிக் கொடுத்த கிருமி இல்லாத தண்ணீர் இருந்தது. அதைச் சும்மா திறந்து, அதே கையால் மூடி, திரும்ப ஐஸ் பெட்டியில் வைத்தீர்கள். எடுப்பவரின் கையிலிருந்து அழுக்கு ஏறியிருந்தால் அந்தப் போத்தல் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'சும்மா போத்தல்'. சும்மா போத்தலில் ஒரு நாளும் எதுவும் முளைத்ததில்லை. அதனாலேயே வேலை நெருக்கிய நாட்களில் அதை வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்வது, சில சமயம் பார்க்காமலே கொட்டிவிடுவது, எங்கள் மேசையில் வழக்கமாகிவிட்டது. விதிப்படி தவறு. எல்லாரும் செய்தோம், நானும் செய்தேன்.

அந்த மழைக்கு வருகிறேன். மூன்று வாரம் ஒரு துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டித் தீர்த்தது. மழை என்றால் சாதாரணமாகப் பயணத்தைத் தள்ளிப் போடுவோம், சம்பான் தாங்காது. திங்கள் காலையில் வானம் வெளுத்துவிட்டதால் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். மதியம் திரும்பி வந்து, முழங்கால் வரை சேற்றோடு என் வெள்ளை மேசைமேல் ஐஸ் பெட்டியை வைத்தீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தங்கச்சி, இன்னைக்கு தண்ணி சரியில்லலா. ஆத்துல இருந்து கறுப்பா ஒரு பட்டை நேரா கடலுக்குள்ள போகுது. மேல உள்ள லோங்காங், சாக்கடை எல்லாத்தையும் மழை கழுவி ஊத்தியிருக்கு. பண்ணைத் தண்ணி, பேக்டரித் தண்ணி, எல்லாம். நாத்தம் குடலப் புடுங்குது."

"சரி, பாக்குறேன்."

"கம்பத்துல கெராங் அள்ளுறவங்ககிட்ட ரெண்டு மூணு நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்கள யாருண்ணே சொல்லச் சொன்னா? நீங்க என்ன டாக்டரா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள். என் வாய் நீளம் உங்களுக்குப் பழகியதுதான்.

மறுநாள், அந்தத் தண்ணீரை வடிகட்டி வெப்பப் பெட்டியில் வைத்த தட்டைத் திறந்தேன். வடிகட்டிய தாளில் கழிவுக் கிருமி ஒவ்வொன்றும் ஒரு நீலப் புள்ளியாக முளைக்கும். வழக்கமாக ஐந்தாறு இருக்கும். அன்று எண்ணவே முடியவில்லை, தாள் முழுக்க நீலம். அந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி மாத அறிக்கை கேட்டு வந்து நின்றார். பத்து மாதமாகச் சுத்தமென்று நானே எழுதிக் கொடுத்த இடம் அது. இது எப்படி என்று கேட்டார். என் பதவி உயர்வுத் தாள் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எடுத்தவரின் கை பட்டிருக்கும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. சிவப்பு மையால் அந்தப் பதிவை அடித்து, பக்கத்தில் 'கள ஊழியர் கை மாசு' என்று எழுதினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கதை அதைவிடக் கேவலம். கூடம் நேராக இருக்கிறதா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் உங்களை மேலே வரச் சொன்னேன்.

"மூடியோட உள்பக்கம் தொட்டீங்களாண்ணே?"

"இல்லயே தங்கச்சி."

"கை கழுவினீங்களா?"

"கழுவாம எடுப்பேனா?"

"இது கழிவுல மட்டும் இருக்குற கிருமி. ஆகாயத்துல இருந்து வராது. பத்து மாசமா தண்ணி சுத்தமா இருந்திருக்கு. அப்போ எங்க இருந்து வந்திருக்கும், நீங்களே சொல்லுங்க."

நீங்கள் உங்கள் வலது கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். உள்ளங்கை, பிறகு புறங்கை. மெல்லக் கேட்டீர்கள்: "அப்படின்னா என் கையில நஜீஸா?"

அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வேளையும் கைகால் கழுவி ஒளுச் செய்து தொழுகிற மனிதர் நீங்கள். தொழுகைக்கு ஆகாத அசுத்தத்தைத்தான் அந்தச் சொல்லால் கேட்டீர்கள். தெரிந்தும், "ஆமா" என்றேன்.

மறுபடி மூன்று முறை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மூன்று முறையும் போனீர்கள். மூன்றும் வெயில் நாட்கள். தண்ணீர் சுத்தமாகத்தான் வந்தது, வராமல் எங்கே போகும். கறுப்புப் பட்டையைக் கடல் என்றைக்கோ இழுத்துப் போயிருந்தது. மூன்றாவது முடிவையும் உங்கள்முன் தள்ளி, "பாத்தீங்களா?" என்றேன். "ஆமா மிஸ்" என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் மோட்டார் சைக்கிளில் கம்பத்துக்குப் போனதை வேன் டிரைவர் சொல்லித்தான் அறிந்தேன். வீடு வீடாக ஏறி, தப்பு என்னுடையது, தண்ணீர் நல்ல தண்ணீர், தாராளமாக அள்ளுங்கள் என்று சொன்னீர்களாம். அந்தப் பெண்கள் சிரித்துவிட்டு ஒரு பை கெராங் கொடுத்து அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கம்பத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிறு போனது, எத்தனை பேர் கொய்யாவையும் ஐஸையும் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போகும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

இனி, நான் உங்களிடம் சொல்லவே இல்லாததைச் சொல்கிறேன்.

நீங்கள் எடுத்த இரண்டாவது மாதிரிக்கும் மூன்றாவது மாதிரிக்கும் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, வெப்பப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தட்டின் மூலையில் ஒரு சிறு தட்டு இருந்தது. மேலே என் கையெழுத்து. அந்த மழைத் திங்களின் சும்மா போத்தல் தண்ணீரை வைத்த தட்டு. வைத்ததையே மறந்துபோயிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அதே சம்பானில், அதே சேற்றில், அதே கையால் நீங்கள் திறந்து மூடிய போத்தல். உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று அந்தத் தட்டு சொன்னது. அப்படியானால் நீலம் முழுக்கத் தண்ணீரில் இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி.

அறிக்கை போய்விட்டிருந்தது. உயர்வுத் தாளில் கையெழுத்தாகியிருந்தது. படி ஏறி அதிகாரி அறைக்குப் போய், ஐயா, நான் தவறிவிட்டேன் என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் அந்தத் தட்டைக் குப்பைத் தட்டுகளோடு சேர்த்து ஆட்டோகிளேவில் போட்டு மூடியைத் திருகினேன். அது அவிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். உங்களிடம் "பாத்தீங்களா?" என்று கேட்டபோது எனக்கு உண்மை தெரியும், அண்ணே.

அடுத்த மாதமே தண்ணீர் எடுக்கும் வேலையிலிருந்து மாற்றல் கேட்டு மனுக் கொடுத்தீர்கள். கீழே ஸ்டோரில் போத்தல் கழுவும் வேலை இருந்தது. மனுவில் என் கையெழுத்தும் வேண்டும். பெர்ரியின் மேல்தட்டில் கடல் காற்றில் நின்றுகொண்டு, 'இதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களே' என்று சொன்ன மனிதர், ஜன்னலில்லாத அறைக்குப் போகக் கேட்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். சொன்னால் வெட்கம், உங்கள் முகத்தைத் தினமும் என் மேசைக்கு எதிரே பார்க்க வேண்டாம் என்று எனக்கு நிம்மதிகூட வந்தது.

பாலம் வந்தது. ஜுருவிலும் புக்கிட் தெங்காவிலும் தொழிற்சாலைகள் கூடின. பிறகு ஒரு நாள், மழைக்கு மறுநாளும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. எடுத்தோம். ஒவ்வொரு முறையும் நீலம். நீங்கள் பல வருடங்களுக்கு முன் என் மேசையில் கொண்டுவந்து வைத்த அதே நீலம். அந்தப் போத்தல்களைக் கழுவியதும், தாள் சுற்றியதும் நீங்கள்தான். எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு மதியம் கழுவிய போத்தல்களைத் தட்டில் அடுக்கி மேலே கொண்டு வந்தீர்கள். என் மேசையில் தட்டுகள் திறந்து கிடந்தன. நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"யாரு எடுத்தது மிஸ்?"

"புதுசா வந்தவரு."

"அவருக்கும் கை சரியில்லையா?"

அதுதான் சமயம். அறையில் நாம் இருவர்தான். வாயைத் திறந்தேன். "ம்ம்" என்றுதான் வந்தது.

"பாவம். ரொம்ப திட்டாதீங்க மிஸ். மனசு விட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினீர்கள். செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். பதினேழு படிதான்.

அதன் பிறகும் பல முறை கிளம்பினேன். பெருநாளுக்கு முன் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன், பெருநாள் போய்விடும். நீங்கள் ஓய்வு பெறும் நாளில் சொல்லிவிடுவோம் என்றிருந்தேன். அன்று உங்களுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, கேக் வெட்டி, படம் எடுத்தார்கள். படத்தில் நான் உங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கேக்கை எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது நீங்கள் கத்தியை என்னிடம் தந்துவிட்டு ஒதுங்கினீர்கள். கூச்சம் என்று நினைத்தேன்.

நீங்கள் போன செய்தியும் எனக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உங்கள் மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டார். இன்றைக்காவது இந்த வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

ஓதி முடிந்து, பெண்களுக்கு உள் அறையில் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டு நெய்ச்சோறு, அதைச் சுற்றி நான்கு பேர். தால்ச்சாக் குழம்பை மேலே ஊற்றினார்கள். "வாங்க மிஸ், எங்க கூட ஒண்ணா உக்காருங்க" என்று உங்கள் மனைவி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மற்ற மூன்று கைகளும் சோற்றுக்குப் போயின. நானும் கை வைத்தேன். அப்போதுதான் அவர், யாரிடமும் குறையாகச் சொல்லாமல், பேச்சுவாக்கில் சொன்னார்:

"அவரு இதுல உக்காரவே மாட்டாரு மிஸ். ஆபீஸ்ல கீழ மாத்தினாங்கல்ல, அதுல இருந்து. தனிப் பிங்கான் தட்டு எடுத்துட்டு ஓரமா போயிடுவாரு. கேட்டா, 'என் கையில நஜீஸ் இருந்துச்சு, மிஸ்ஸே பாத்து சொன்னாங்க, இன்னும் இருக்கான்னு யாருக்குத் தெரியும்'னு சொல்வாரு. டாக்டருக்குப் போவோம்னா சிரிப்பாரு. பேத்திக்கு ஒரு வாய் ஊட்டினதில்ல. அது வாயத் தொறந்துட்டு நிக்கும், இவரு என்னையக் கூப்பிடுவாரு."

எனக்கு விரல் சோற்றிலேயே நின்றுவிட்டது. அண்ணே, நான் உங்களுடைய வேலையை மட்டும்தான் பிடுங்கினேன் என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அங்கேயே சொன்னேன். நீலத் தட்டு, வெள்ளைத் தட்டு, சிவப்பு மை, ஆட்டோகிளேவ், எதையும் விடவில்லை. எதிரே இருந்த பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். உங்கள் மனைவி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது இதுதான்:

"மக கல்யாணத்துல சம்பந்தி இவரு கையப் புடிச்சி சஹனுக்கு இழுத்தாரு மிஸ். இவரு வரவே மாட்டேன்னுட்டாரு. ஏன்னு சொல்லவும் வெக்கம். எங்கள மதிக்கலன்னு அவுங்க ரெண்டு வருசம் பேசல. மக அழுதா." பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உக்காந்திருப்பாரே."

அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன். நீங்கள் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு, விருந்தாளிகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் ஊற்றினீர்கள்.

அந்த ஒரு வார்த்தையை இப்போது எழுதுகிறேன். உங்கள் கையில் ஒன்றும் இருந்ததில்லை, அண்ணே. பாழாய்ப் போனது தண்ணீர். அதைப் பார்த்தவர் நீங்கள், மறைத்தவள் நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை நீங்கள் உங்கள் சாப்பாட்டுத் தட்டுவரை சுமந்தீர்கள்.

அன்று யாரும் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. உங்கள் மனைவி தன் பக்கத்துச் சோற்றிலிருந்து கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்து, "சாப்பிடுங்க மிஸ், ஆறிப் போவுது" என்றார். நான் சாப்பிட்டேன். நாலு பேரில் ஒருத்தியாக ஒரே தட்டில், உங்கள் வீட்டில்.